பழைய பயமும் பிரசவ வலியும்

வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆகிறது. பையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அட்மிஷன் போட்டு, உடை மாற்றி, லேபர் வார்டுக் கட்டிலில் படுக்கவைத்த அரை மணியில் வலி இருந்த இடம் தெரியவில்லை. “இப்பதானே நல்லா வந்துட்டிருந்துச்சு” என்று வாசலில் நிற்கும் அம்மா கையைப் பிசைகிறார். லேபர் வார்டில் வேலை பார்க்கும் எந்த நர்ஸைக் கேட்டாலும் இப்படிப் பல கதைகள் சொல்வார்.

பல நேரம் அது பொய்வலி. பாட்டிமார் சூட்டுவலி என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் வலி. ஆனால் சில நேரம் கர்ப்பப்பையின் வாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் திறந்தே இருக்கும். வந்தது நிஜ வலிதான். அப்படியிருக்க அது ஏன் பின்வாங்கியது?

இன்னொரு புதிரையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு கர்ப்பிணி மாதாமாதம் செக்கப்புக்கு வருகிறார். எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன. “உள்ளே பார்க்கணும், மேலே ஏறிப் படுங்க” என்று டாக்டர் சொன்னதும் அவருக்குக் கை சில்லிடுகிறது, மூச்சு மேலே ஏறுகிறது, முழங்கால்கள் பூட்டுப் போட்டதுபோல் சேர்ந்துகொள்கின்றன. “ரிலாக்ஸா இரும்மா, ஒண்ணும் பண்ணமாட்டேன்” என்று சொன்னால் இன்னும் மோசமாகிறது. ஏன் என்று கேட்டால் சிலருக்குச் சொல்லத் தெரியாது. சிலருக்குத் தெரியும், ஆனால் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த இரண்டு புதிர்களும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. கர்ப்பப்பையின் தசைக்கும் மூளை பயத்தைச் சேமித்துவைக்கும் விதத்துக்கும் நடுவில் ஒரு தொடர்பு இருக்கிறது. சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமை, கணவனின் அடி உதை, முன்பு இறந்து பிறந்த குழந்தை, யுத்தம், வெள்ளம் என்று எதுவானாலும், கடந்துபோன ஒரு பேரதிர்ச்சி கர்ப்பகாலத்தில் ஏன் மறுபடி தலைதூக்குகிறது என்பதற்கும் விடை அங்கேதான் கிடைக்கிறது.

கர்ப்பப்பைக்கு வரும் இரண்டு செய்திகள்

1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மாட்டின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாறு, சினைப்பூனையின் கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பதைக் கவனித்தார். அந்தச் சாற்றில் இருந்த வேதிப்பொருள்தான் ஆக்சிடோசின். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று லேபர் வார்டில் ‘வலி வர டிரிப்ஸ்’ என்று ஏற்றுவது இந்த ஆக்சிடோசினைத்தான்.

பிரசவத்தில் இது ஒரு சுற்றாக வேலை செய்கிறது. குழந்தையின் தலை கர்ப்பப்பையின் வாயை அழுத்த அழுத்த, நரம்புகள் அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. மூளை இன்னும் கொஞ்சம் ஆக்சிடோசினை ரத்தத்தில் விடுகிறது. கர்ப்பப்பை இன்னும் பலமாகச் சுருங்க, தலை இன்னும் அழுத்துகிறது. வலி நேரம் ஆக ஆக நெருங்கி வருவதற்கு இந்தச் சுற்று ஒரு முக்கியக் காரணம்.

ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் கொண்டுவரும் செய்தி இதற்கு நேர் எதிரானது. இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும் அதே அட்ரினலின், கர்ப்பப்பைத் தசையில் இருக்கும் ஒருவகை ஏற்பிகளில் போய் உட்கார்ந்து தசையைத் தளர்த்திவிடுகிறது. மகப்பேறு மருத்துவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். மாதம் ஆகுமுன் வலி வந்துவிட்டால், அதைச் சற்று நேரம் அடக்கிவைக்கத் தரும் டெர்பியூட்டலின் என்ற மருந்து அட்ரினலினைப் போலவே அந்த ஏற்பிகளில் வேலை செய்வதுதான்.

பாலூட்டிகளுக்கு இப்படியோர் ஏற்பாடு தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை. குட்டி போடும் நேரத்தில் வேட்டை மிருகம் வந்தால், தாய் எழுந்து ஓட முடிய வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். குட்டி ஈனும் சுண்டெலிகளைப் பழகிய கூட்டிலிருந்து எடுத்து, பூனை வாடை வீசும் கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி மாற்றி வைத்தார்கள். தொந்தரவுக்கு ஆளான எலிகளுக்கு அடுத்த குட்டி வெளியே வரக் கூடுதல் நேரம் பிடித்தது.

மனிதர்களில் இதைப் பார்த்தவர் ரெஜினா லெடர்மன் என்ற ஆய்வாளர். 1978-ல் அவரது குழு, முதல் பிரசவத்தில் இருந்த 32 பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தது. பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு அட்ரினலினும் அதிகமாக இருந்தது. அட்ரினலின் அதிகமிருந்தவர்களுக்கு வலியின் வீச்சு குறைந்து, பிரசவம் நீண்டது. நார்வேயில் 2,206 பெண்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வு, பிரசவ பயம் மிகுந்தவர்களுக்கு வலி நேரம் ஒன்றரை மணி கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. முதல் பிரசவமா, வலி குறைப்பு ஊசி போட்டார்களா போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் 47 நிமிடமாகச் சுருங்கியது.

அந்தக் கழித்தலை மறக்கக் கூடாது. பிரசவம் தாமதமாவதற்குக் குழந்தையின் தலை திரும்பியிருக்கும் கோணம், அதன் எடை, இடுப்பெலும்பின் அமைப்பு என்று பல காரணங்கள் உண்டு. பயம் அவற்றில் ஒன்றுதான். “நீ பயந்ததாலதான் ஆபரேஷன் ஆச்சு” என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அநியாயம், அறிவியலும் அல்ல.

கதை வேறு, பயம் வேறு

பயம் அட்ரினலினைக் கொட்டுகிறது, சரி. பாதுகாப்பான ஆஸ்பத்திரியில், படித்த டாக்டர் முன்னால் பயம் எங்கிருந்து வந்தது?

ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவரிடம், புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண் நோயாளி இருந்தார். தினம் பார்க்கும் டாக்டரைக்கூட ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் பார்ப்பார். ஒருநாள் கிளாபரேட் விரல்களுக்கு நடுவில் ஒரு குண்டூசியை ஒளித்துவைத்துக்கொண்டு கைகுலுக்கினார். ஊசி குத்தியது. சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அது மறந்தும் போனது. பிறகு கிளாபரேட் கையை நீட்டியபோது, அவர் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடந்தது நினைவில் இல்லை. ஆனால் கை ஜாக்கிரதையாக இருந்தது. 1911-ல் வெளியான இந்தக் குறிப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. (இன்றைய மருத்துவ நெறிமுறை இப்படியொரு சோதனையை அனுமதிக்காது.)

நடந்ததைக் கதையாகச் சொல்லும் நினைவும், ஆபத்தை முன்கூட்டி உணர்ந்து உடம்பைத் தயார்ப்படுத்தும் நினைவும் மூளையில் வேறு வேறு இடங்களைச் சார்ந்தவையோ என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. 1995-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ டமாசியோவின் குழு அதை உறுதிசெய்தது. வண்ணப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். நீலம் வந்தால் மட்டும் தூக்கிவாரிப்போடும்படி ஒரு படகின் ஹாரன் அலறும். சில முறை ஆனதும், நீலத்தைப் பார்த்தாலே நமக்கெல்லாம் உள்ளங்கை வேர்க்கும். அமிக்டலா என்ற பகுதி பழுதான நோயாளிக்கு வேர்க்கவில்லை, ஆனால் “நீலம் வந்தால் ஹாரன் அடிக்கும்” என்று தெளிவாகச் சொன்னார். ஹிப்போகாம்பஸ் பழுதானவருக்கு எந்த நிறத்துக்கு ஹாரன் அடித்தது என்றே சொல்லத் தெரியவில்லை, ஆனால் நீலத்தைக் கண்டதும் வேர்த்தது.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பூனையிடம் கதை கிடையாது. என்றைக்குச் சுட்டது, யார் வைத்த பாத்திரம் என்பதெல்லாம் அதற்குத் தேவையும் இல்லை. புகை வாடையோ, விறகு வெடிக்கும் சத்தமோ எட்டியதும் கால் பின்னால் போகிறது. அடுப்பு அணைந்து கிடந்தாலும் போகிறது. அதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ஒருமுறை உயிரைக் காப்பாற்றிய பாடத்தை அமிக்டலா எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாடம் அழிந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே தங்கியிருக்கும் என்பதற்கு ரஷ்யாவிலிருந்து ஒரு சாட்சியம் உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தது. இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுக்குள் மூழ்கும் தறுவாயில், நீரில் நீந்தவைத்துக் காப்பாற்றப்பட்டன. அவற்றில் சில, பழகிவைத்திருந்த பழக்கங்களை எல்லாம் இழந்து கலங்கிப்போயின. பொறுமையாகப் பயிற்சி கொடுத்த பிறகு பழைய நிலைக்கு வந்தன. அப்படித் தேறிய ஒரு நாய் இருந்த அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார் பாவ்லோவ். கசிந்தது சின்ன ஓடைதான். நாய் திரும்பவும் வெள்ள நாளின் நிலைக்கே போய்விட்டது.

இப்படிப் பழைய ஆபத்தை எழுப்பிவிடும் சிறு அடையாளத்தைத் தூண்டி என்று சொல்லலாம். தூண்டிகள், மீள்காட்சிகள், கெட்ட கனவுகள், எப்போதும் உஷாராகவே இருக்கும் உடம்பு, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மரத்துப்போன உணர்வுகள் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அதை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். தமிழில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்று சொல்லலாம். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது இடம்பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களோடு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடந்த ஆய்வுகளும் அதற்கு வழிசெய்தன.

கர்ப்பகாலம் ஏன் கிளறிவிடுகிறது?

2017-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுவாகக் கர்ப்பிணிகளில் 100-க்கு 3 பேருக்கும், பிரசவத்துக்குப் பிறகு 4 பேருக்கும் பி.டி.எஸ்.டி. இருப்பது தெரிந்தது. வன்முறைக்கு ஆளானவர்கள், சிக்கலான பிரசவத்தைக் கடந்தவர்கள் போன்றோரிடம் அது 100-க்கு 18-ஐத் தாண்டியது. நோய் என்ற வரையறைக்குள் வராமல் ஓரிரு தூண்டிகளால் மட்டும் அவதிப்படுபவர்கள் இதில் சேரவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை ஒருமுறையாவது சந்தித்தவர்கள். நம் ஊர் லேபர் வார்டுக் கட்டில்களில் இருப்பவர்களும் இவர்களில் அடக்கம்.

ஒரு பிரசவ அறையை அமிக்டலாவின் பக்கமிருந்து பார்ப்போம். மல்லாந்து படுக்கவைக்கிறார்கள். கால்களை இரண்டு பக்கமும் தூக்கிக் கம்பியில் மாட்டுகிறார்கள். இடுப்புக்குக் கீழே துணி இல்லை. தலைக்கு மேல் விளக்கு. கையுறை இழுபடும் சத்தம். பெயர் தெரியாத மூன்று நான்கு பேர் கால்பக்கம் நிற்கிறார்கள். விரல்கள் உள்ளே போகின்றன. வலிக்கிறது, எழுந்து போகவும் முடியாது. “அசையாத”, “சத்தம் போடாத”, “சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று மேலிருந்து குரல் வருகிறது. சிறுவயதில் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு, இந்த வார்த்தைகளில் ஏதாவது ஒன்று முன்பே, வேறொரு வாயிலிருந்து கேட்டதாக இருக்கலாம். டாக்டர் நல்லவர் என்பது அவருக்குத் தெரியும். அது கதை நினைவின் வேலை. உடம்புக்கு எட்டியிருப்பது கதவுக்கு அடியில் கசியும் தண்ணீர்.

எல்லாரும் பதறுவார்கள் என்றும் சொல்ல முடியாது. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போகும்போது, மனம் உடம்பை விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொள்வதுண்டு. இதை உணர்வு விலகல் எனலாம். யாருக்கோ நடப்பதைக் கூரையிலிருந்து பார்த்ததுபோல் இருந்தது என்று பிற்பாடு சொல்வார்கள். இந்தப் பெண் கத்துவதில்லை, கேள்வி கேட்பதில்லை, சொன்னதைச் செய்கிறார். “நல்லா ஒத்துழைச்சாங்க” என்று பாராட்டும் கிடைக்கும். பிரசவ அறையின் மிக அமைதியான நோயாளி மிகவும் பயந்தவராகவும் இருக்கக்கூடும்.

தூண்டி எப்போதும் உடம்பைத் தொடுவதாகவும் இருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். குடும்பக் கட்டுப்பாடு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பிறகு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு, கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவைசிகிச்சைக்கு அரசே ஏற்பாடு செய்தது. அப்படி மீண்டும் கருவுற்ற ஒரு தாய்க்கு வயிற்றில் குழந்தையின் முதல் துடிப்பு மகிழ்ச்சிச் செய்திதான். ஆனால் இழந்த பிள்ளையை நினைவூட்டும் தூண்டியும் அதுவே.

வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

இந்த இடத்தில் கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் பேச்சுகள் அதிகம். அம்மா அழுதால் குழந்தை அப்படி ஆகும், இப்படி ஆகும் என்பார்கள். ஆய்வுகள் சொல்வது அதைவிட நிதானமானது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க் உலக வர்த்தக மையத்திலோ அருகிலோ இருந்த 38 கர்ப்பிணிகளை ரேச்சல் யெஹூடா என்ற ஆய்வாளரின் குழு பின்தொடர்ந்தது. பி.டி.எஸ்.டி. வந்த தாய்மாரின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. ஒரு வயதை எட்டிய அவர்களின் குழந்தைகளுக்கும் அப்படியே. கடைசி மூன்று மாதத்தில் தாக்குதலைச் சந்தித்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. ஹார்மோன் அளவில் ஒரு சுவடு இருந்தது என்பதோடு அந்த ஆய்வு நிற்கிறது. அந்தக் குழந்தைகளின் வாழ்க்கை பாழாகும் என்று அது சொல்லவில்லை.

அதைவிட முக்கியமானது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா செங் என்ற மருத்துவச்சி ஆய்வாளரின் குழு 2011-ல் வெளியிட்ட முடிவு. முதல் குழந்தையை எதிர்நோக்கும் 839 பெண்களை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். பேரதிர்ச்சி எதையும் சந்திக்காதவர்கள் ஒரு பிரிவு. சந்தித்தும் பி.டி.எஸ்.டி. இல்லாதவர்கள் இன்னொரு பிரிவு. கர்ப்பகாலத்தில் பி.டி.எஸ்.டி.யோடு இருப்பவர்கள் மூன்றாவது பிரிவு. மூன்றாவது பிரிவின் குழந்தைகள், முதல் பிரிவைவிடச் சராசரியாக 221 கிராமும், இரண்டாம் பிரிவைவிட 283 கிராமும் எடை குறைவாகப் பிறந்தன.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொடுமையைச் சந்தித்து அதைக் கடந்துவந்த பெண்களின் குழந்தைகள் எடையில் பின்தங்கவே இல்லை. குழந்தையின் எடையோடு தொடர்புகொண்டிருந்தது என்றோ நடந்த சம்பவம் அல்ல, இன்றும் தொடரும் உளைச்சல். நடந்ததை மாற்ற யாராலும் முடியாது. இன்று தொடர்வதை மாற்ற முடியும். கர்ப்பிணிக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

சக்கரம் திருப்பிய எலி

எப்படி மாற்றுவது என்பதற்கு ஒரு நல்ல துப்பு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மையர் பல்லாண்டு காலம் செய்த சோதனைகளில் கிடைக்கிறது. இரண்டு எலிகளின் வாலில் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மின் அதிர்ச்சி தரப்படும். முதல் எலியின் முன்னால் ஒரு சிறு சக்கரம். அதைத் திருப்பினால் அதிர்ச்சி இரண்டுக்கும் நின்றுவிடும். இரண்டாவது எலியின் சக்கரம் எதனோடும் இணைக்கப்படவில்லை. ஆக இரண்டுக்கும் கிடைத்த வலி விநாடி பிசகாமல் ஒன்றே. ஆனால் பின்னால் பார்த்தால், இரண்டாவது எலி சுருண்டு கிடக்கும், புதிய எதையும் கற்காது, எதற்கும் அதிகமாகப் பயப்படும். சக்கரம் திருப்பிய எலிக்கு அப்படி ஆவதில்லை.

வித்தியாசத்தை உண்டாக்குவது மூளையின் முன்பகுதி என்று மையரின் குழு 2005-ல் காட்டியது. “இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்று தெரிந்ததும், முன்மூளை கீழே இருக்கும் பயச் சுற்றுகளை அமர்த்துகிறது. அந்தப் பகுதியை மருந்தால் சற்று நேரம் செயலிழக்கச் செய்தால், சக்கரம் திருப்பிய எலியும் மற்றதைப் போலவே சுருண்டுவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. ஒருமுறை கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பிற்பாடு கட்டுப்படுத்த முடியாத அதிர்ச்சியைச் சந்தித்தபோதும் தாக்குப்பிடித்தது.

பிரசவ வலியை நிறுத்த முடியாது. ஆனால் பிரசவத்தில் நடப்பதில் வலியைத் தவிர மற்றவற்றில் பல, பேசி முடிவு செய்யக்கூடியவை: யார் தொடுவது, எப்போது தொடுவது, எப்படிப் படுப்பது, பக்கத்தில் யார் நிற்பது. இவை ஒவ்வொன்றும் ஒரு சக்கரம்தான். “நிறுத்துங்க” என்று சொன்னால் கை நிஜமாகவே நிற்கும் என்று ஒரு பெண் ஒருமுறை பார்த்துவிட்டால், அநேகமாக அடுத்தமுறை அவர் நிறுத்தச் சொல்ல வேண்டியே வராது.

பக்கத்தில் யார் நிற்பது என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குவாத்தமாலா நகரில், உறவினர்களை உள்ளே விடாத ஒரு நெரிசலான அரசு மருத்துவமனையில், சில பெண்களுக்கு மட்டும் பிரசவம் முழுக்கக் கூடவே இருந்து, முதுகைத் தடவி, கையைப் பிடித்துப் பேச ஒரு துணையை ஏற்பாடு செய்தார்கள். மருத்துவப் பயிற்சி இல்லாத, முன்பின் தெரியாத பெண்தான் அந்தத் துணை. 1980-ல் வெளியான முடிவின்படி, சிக்கலில்லாமல் நடந்த பிரசவங்களில் துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரமும், இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரமும் பிடித்தன. அது சிறிய ஆய்வு. பின்னர் 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளை 2017-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்தபோது, வித்தியாசம் சராசரியாக 40 நிமிடம் என்று தெரிந்தது. சிசேரியனும் குறைந்திருந்தது, பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்ந்தவர்களும் குறைவு. மருந்தில்லாத, செலவில்லாத ஒரு சிகிச்சைக்கு இது பெரிய பலன்தான். தமிழ்நாடு அரசு 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணையை வலியுறுத்துகிறது.

சொல்ல வேண்டியதும் வேண்டாததும்

பழையதை எல்லாம் கொட்டித் தீர்த்தால்தான் மனம் ஆறும் என்று பலர் நம்புகிறார்கள். அதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே அமர்வில் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. காக்ரேன் அமைப்பு 2002-ல் ஆராய்ந்தபோது, அதனால் பி.டி.எஸ்.டி. குறையவில்லை என்றும், ஓர் ஆய்வில் கூடவே செய்தது என்றும் தெரிந்தது. கட்டாயப்படுத்திக் கதை கேட்கக் கூடாது என்பது அதிலிருந்து வந்த பாடம்.

ஆகவே கர்ப்பிணி தன் கதையைச் சொல்லியாக வேண்டியதில்லை, தேவையைச் சொன்னால் போதும். “முன்னாடி நடந்த ஒரு விஷயத்தால உள்பரிசோதனைன்னா எனக்குப் பயம். தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் கையைத் தூக்கினா நிறுத்திடுங்க.” இந்த மூன்று வாக்கியத்தை டாக்டரிடமோ, ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுக்கலாம், துணைக்கு வருபவரைச் சொல்லவைக்கலாம். மல்லாந்து படுப்பதற்குப் பதில் ஒருக்களித்துப் படுக்க முடியுமா, பெண் மருத்துவர் கிடைப்பாரா, இடுப்பைத் துணியால் மூடிக்கொள்ளலாமா என்று கேட்கலாம். சிக்கலில்லாத பிரசவத்தில் உள்பரிசோதனை நான்கு மணிக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருவர் பின் ஒருவராக வந்து பார்க்க வேண்டியதில்லை.

லேபர் வார்டை முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்துவருவதும் நல்லது. பயம் தணிவது என்பது பழைய பாடம் அழிவதல்ல, அதன்மேல் “இங்கே ஆபத்தில்லை” என்ற புதுப் பாடம் படிவது. அந்தப் புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் எலிகளில் காட்டியிருக்கிறார். ஓர் அறையில் தணிந்த பயம் வேறோர் அறையில் திரும்பிவிடும். கவுன்சலிங் அறையில் கிடைத்த தைரியம் லேபர் வார்டிலும் நிலைக்க வேண்டுமென்றால், அந்தக் கட்டிலையும் விளக்கையும் பகலில், துணையோடு, யாரும் தொடாத நேரத்தில் பார்த்திருப்பது உதவும்.

தூக்கம் கெடுகிறது, மீள்காட்சிகள் துரத்துகின்றன, செக்கப்பையே தவிர்க்கத் தோன்றுகிறது என்றால் சிகிச்சை தேவை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவுகளோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் கர்ப்பம் உறுதியானதும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழில் பதில் கிடைக்கும்.

பிரசவமே புதிய அதிர்ச்சியாகிவிடுவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், அவசர சிசேரியன் முடிந்த 56 பெண்களில் பாதிப் பேரை முதல் ஆறு மணி நேரத்துக்குள் 15 நிமிடம் டெட்ரிஸ் விளையாடச் சொன்னார்கள். கட்டைகள் விழ விழ அடுக்கும் அதே வீடியோ கேம்தான். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு வேண்டாத காட்சிகள் வந்து மோதுவது குறைந்திருந்தது. நினைவு கெட்டிப்படும் நேரத்தில் மூளையின் காட்சிப் பகுதிக்கு வேறு வேலை கொடுப்பதால் இது நடக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2017-ல் வந்த முதற்கட்ட முடிவு இது.

இதுவரை சொன்னதெல்லாம், பயந்திருக்கும் பெண் யார் என்று டாக்டருக்கோ நர்ஸுக்கோ தெரிந்தால் செய்யக்கூடியவை. பெரும்பாலும் தெரியாது. முகத்தில் எழுதியிருக்காது, கேஸ் ஷீட்டிலும் இருக்காது. அமைதியாகப் படுத்திருப்பவர்கூட அப்படியிருக்கலாம் என்று பார்த்தோம். பிரசவ அறைக்கு இது புதிய சிக்கல் அல்ல. எந்த நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று தெரியாததால்தான், எல்லாருக்கும் கையுறை போட்டே பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று கேட்டுவிட்டு யாரும் கையுறை போடுவதில்லை. பயத்துக்கும் அதே விதி பொருந்தும். தொடுமுன் சொல்வது, சம்மதம் கேட்பது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது, துணையை உள்ளே விடுவது ஆகிய நான்கும் யாருக்கு என்ன நடந்தது என்று விசாரிக்காமல் எல்லாருக்கும் செய்யத்தக்கவை. மனவடு இல்லாத பெண்ணுக்கும் இவற்றால் நஷ்டமில்லை. இருக்கும் பெண்ணுக்கோ, தன் கதையை யாரிடமும் சொல்லாமலேயே பாதுகாப்பு கிடைத்துவிடும்.